குளிசை தந்த நித்திரை

எங்கள் ஊர்ப் பக்கம் விடியப்புறம் ஐந்து மணிக்கு எழும்பி முற்றம் கூட்டாத பெண்ணுக்கு நல்ல பெயர் கிடையாது. வெயில் ஏறும் வரை படுத்திருப்பவளைச் சோம்பேறி என்பார்கள். கணவன் இல்லாத வீடாக இருந்தால் அதற்கு மேலும் பலதைச் சொல்வார்கள். அந்தச் சொற்களையெல்லாம் ஏறக்குறைய இரண்டு வருடங்கள் கேட்டவள் நான். இரவில் நான் விழுங்கிய குளிசை காலை பத்து மணி வரை என் உடம்பில் வேலை செய்துகொண்டிருந்தது என்பதை ஊருக்கு விளங்கப்படுத்த அப்போது என்னிடம் சொற்கள் இருக்கவில்லை. இப்போது இருக்கின்றன. என்னைப் போலக் குளிசை போடும் பெண்களும், அவர்களை வைத்துப் பார்க்கும் தாய்மாரும் சகோதரிகளும் இதை வாசிப்பார்கள் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

எனக்கு வந்தது, சைக்கோசிஸ் என்று வைத்தியர்கள் கூறும் உளமாய நோய். இல்லாத குரல்கள் காதில் கேட்கும். நடக்காத ஒன்றை நடக்கிறது என்று மனம் அடித்துச் சொல்லும். 2009 ஆம் ஆண்டு ஆடி மாதம், செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தபோது அது தொடங்கியது. கணவர் காணாமற் போய் மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. கையில் மூன்று வயது மகள். அம்மாவும் கூட இருந்தார். ஒரு நாள் இரவு கூடாரத்துக்கு வெளியே கணவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது தெளிவாகக் கேட்டது. முகாமில் இருந்த எத்தனையோ பெண்களுக்கு அப்படி ஓரிரு தடவைகள் கேட்டிருக்கிறது. இழப்பின் துயரத்தில் அப்படிக் கேட்பதை நோய் என்று சொல்ல முடியாது. எனக்கு அது நிற்கவில்லை. வேறு குரல்களும் சேர்ந்துகொண்டன. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகப் போகிறார்கள் என்று அவை சொல்லின. நான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு விடிய விடியக் காவல் இருந்தேன்.

குரல்களைப் பற்றி நான் அம்மாவுக்குச் சொல்லியிருக்கவில்லை. அவர் வைத்தியரிடம் சொன்னது இதுதான்: "பிள்ளைக்கு நித்திரை போயிட்டுது ஐயா. பத்து நாளாக் கண் மூடேல்லை. ஆனால் களைக்கிறாளும் இல்லை." அந்த ஒரு பேச்சிலேயே வைத்தியர் வருத்தத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். இந்த நோய் வரும்போதும், குறைந்த பின்னர் திரும்பும்போதும், பலருக்கு முதலில் குழம்புவது நித்திரைதான்.

எங்கள் நித்திரைக்கு அதற்கு முந்திய கதையும் ஒன்று உண்டு. 2008 கடைசியில் இருந்து 2009 மே வரை வன்னியில் இருந்தவர்கள் முழு நித்திரை கொண்டதில்லை. பங்கருக்குள் சேலையை விரித்துப் படுத்தாலும் ஒரு காது வெளியிலே நிற்கும். செல் புறப்படும் சத்தத்துக்கும் வந்து விழும் சத்தத்துக்கும் இடையில் பிள்ளையை இழுத்து அணைத்துவிட வேண்டும். அதைக் கோழித் தூக்கம் என்பார்கள். கோழிகூட எங்களைவிட நிம்மதியாகத் தூங்கியிருக்கும். யுத்தம் முடிந்தவுடன் அந்தப் பழக்கம் போய்விடவில்லை. அயர்ந்து நித்திரை கொள்வதே ஆபத்து என்று உடம்பு படித்து வைத்திருந்தது. அப்படிப்பட்ட உடம்புக்குள் நித்திரையைக் கொண்டுவரும் குளிசை போனால் என்ன நடக்கும் என்பது எங்களைப் போன்றவர்கள்தான் சொல்ல வேண்டிய சங்கதி.

முதலில் ஊசி போட்டார்கள். ஒரு பகலும் இரண்டு இரவும் நித்திரையாகக் கிடந்தேனாம். இடையில் எழுப்பிக் கஞ்சி பருக்கியது எனக்கு ஞாபகம் இல்லை. கண் விழித்தபோது வாய் காய்ந்து, நாக்குத் தடித்து இருந்தது. "அண்டைக்குத்தான் உன்ர முகத்தில பழைய சாயலைக் கண்டனான்" என்று அம்மா பின்னர் சொல்வார். அந்த நித்திரை எனக்குத் தேவைப்பட்ட நித்திரை. அதைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

அதன் பிறகு ஹலோபெரிடோல் என்ற குளிசை தந்தார்கள். சில கிழமைகளில் குரல்கள் தூரத்துக்குப் போயின. ஆனால் வேறொன்று வந்து சேர்ந்தது. ஓரிடத்தில் இருக்க முடியாது. படுத்தால் கால்கள் எழும்பி நட என்று சொல்லும். கூடாரத்துக்கும் தண்ணீர்த் தாங்கிக்கும் இடையில் இரவிரவாக நடந்தேன். வருத்தம் திரும்பிவிட்டது என்றார்கள் சொந்தக்காரர். பேய் பிடித்திருக்கிறது என்றார்கள் பக்கத்துக் கூடாரத்தார். உண்மையில் அது மருந்தின் பக்கவிளைவு. அதற்கு அகதீசியா என்று பெயராம். பெயரைக் கேட்டவுடன் எனக்கு அகதி என்ற சொல்தான் மனதில் வந்தது. ஓரிடத்தில் இருக்கவிடாத உபாதைக்கு நல்ல பெயர்தான் வைத்திருக்கிறார்கள்.

அதையும் முதலில் பிரித்துக் கண்டவர் அம்மாதான். "முந்தி இவள் பயத்தில முழிச்சிருந்தவள். இப்ப படுக்க ஆசைப்படுறாள், கால் விடுகுதில்லை" என்று மிஸியிடம் சொன்னார். மருந்தின் அளவைக் குறைத்து, புரொபிரனோலோல் என்ற குளிசையையும் சேர்த்துத் தந்தார்கள். சில நாட்களில் கால்கள் அடங்கின. இந்த உபாதையை நோயென்று எண்ணி மருந்தைக் கூட்டினால் அது இன்னும் மோசமாகும். ஆகவே வீட்டில் ஒருவர் குளிசை தொடங்கிய பின்னர் இருப்புக் கொள்ளாமல் நடந்தால், "படுக்க விருப்பமோ, கால் விடுகுதில்லையோ" என்று அவரிடமே கேட்டுப் பார்த்து, அந்தப் பதிலை வைத்தியருக்குச் சொல்லுங்கள்.

2010 கார்த்திகையில் எங்களை ஊருக்கு அனுப்பினார்கள். அப்போது என் மருந்து குளோர்ப்புரோமசின். வயதான தாதிமார் அதை லார்காக்டில் என்று பழைய பெயரால் சொல்வார்கள். காலையில் ஒன்று, இரவில் இரண்டு. வீடு என்று இருந்தது தறப்பாள் கொட்டில். அதற்குள் படுத்தால் காலையில் அம்மா கூப்பிடும் குரல் கிணற்றின் அடியில் இருந்து வருவதுபோலக் கேட்கும். கண் திறக்கும், கை எழும்பாது. நனைந்த சாக்கை மேலே போட்டுவிட்டதுபோல இருக்கும். மகள் வந்து என் கண் இமைகளை விரலால் தூக்கிப் பார்ப்பாள். ஒருவாறு எழும்பி முகம் கழுவித் தேத்தண்ணி குடிக்கும்போது காலைக் குளிசைக்கு நேரமாகிவிடும். அதைப் போட்டால் மத்தியானம் வரை மறுபடியும் கண் சொருகும். 2011 இல் வாழ்வாதார உதவியாக ஒரு தையல் மெசின் கிடைத்தது. அரைத் தூக்கத்தில் தைத்து ஊசி விரலைத் துளைத்துக்கொண்டு போனது. தைத்த வெள்ளைச் சட்டையில் இரத்தம் பட்டு, அதற்கும் காசு கட்டினேன்.

2012 தை மாதம் மகள் முதலாம் வகுப்புக்குப் போகத் தொடங்கினாள். கிழமையில் மூன்று நாட்கள் பிந்தித்தான் போவாள். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். அவரால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் நடக்க முடியாது. கணவரின் தமக்கை, என் மச்சாள், ஒரு நாள் வந்து முற்றத்தில் நின்றபடியே சொன்னார்: "எழும்பாத தாயிட்டப் பிள்ளை எப்பிடியடி வளரும்? நாங்கள் கொண்டுபோறம்." அவரை நான் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். காணாமற் போன தம்பியின் ஒரே பிள்ளை அது. ஆனால் அந்தப் பிள்ளைதான் எனக்கும் மிச்சம். மச்சாள் பிரதேச செயலகம் வரை போனார். ஒரு நாள் காலை எட்டரை மணிக்குச் சிறுவர் விடயம் பார்க்கும் உத்தியோகத்தர் விசாரிக்க வந்தார். நான் நித்திரை. அவர் கொப்பியில் எழுதினார். ஒரு மாதம் கழித்து மீண்டும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நித்திரை கூட என்று அதற்கு முன்னரும் கிளினிக்கில் சொல்லியிருக்கிறேன். "முந்தி நித்திரை இல்லையெண்டுதானே வந்தனீங்கள், இப்ப வாறது நல்லதுதானே" என்று ஒரு வைத்தியர் சொல்லி முடிக்குமுன் அவருடைய பேனை அடுத்த மாதத்துக்கான மருந்தை எழுதிக்கொண்டிருந்தது. எனக்குப் பின்னால் வாங்கிலில் நாற்பது பேர் வரை இருந்திருப்பார்கள். அவருக்கு அவசரம். ஆனால் என் பிள்ளை போகப்போகும் அவசரம் அதைவிடப் பெரிது அல்லவா?

இந்த முறை அம்மா ஒரு வேலை செய்தார். மகளின் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, ஏழு நாட்களும் நேரங்களை எழுதினார். எத்தனை மணிக்குக் குளிசை போட்டாள், எத்தனை மணிக்குக் கண் சொருகியது, எத்தனை மணிக்குக் கூப்பிட்டேன், எத்தனை மணிக்குக் கண் திறந்தாள், எத்தனை மணிக்குத் தடுமாறாமல் நின்றாள், எத்தனை மணிக்குக் கேத்திலைத் தூக்கினாள். ஐந்தாம் வகுப்பு வரை படித்த அம்மாவின் எழுத்து அது. கிளினிக்குக்குப் புதிதாக வந்திருந்த வைத்தியர் ஒரு பெண். அந்தத் தாளை இரண்டு தடவை வாசித்தார். பிறகு, "பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு ஆர் வெளிக்கிடுத்துறது?" என்று கேட்டார். இரண்டரை வருடங்களில் ஒரு வைத்தியர் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. காலைக் குளிசையை நிற்பாட்டினார். மொத்த அளவில் கொஞ்சம் குறைத்து, எல்லாவற்றையும் இரவுக்கு மாற்றினார். பத்து மணிக்குப் போட்டதை ஏழரைக்குப் போடச் சொன்னார். இரண்டு கிழமையால் இதேமாதிரி எழுதிக்கொண்டு வாங்கோ என்றார்.

இரண்டாவது கிழமை முடிவில் நான் ஐந்தரைக்கு அடுப்பு மூட்டினேன். உத்தியோகத்தர் திரும்பி வந்தபோது மகள் பள்ளிக்கூடம் போய்விட்டாள். நான் மெசினில் இருந்தேன். அவர் தேத்தண்ணி குடித்துவிட்டு, தன் மகளுக்கு ஒரு சட்டை தைக்க என்ன கூலி என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஏன் இந்தக் குளிசைகள் நித்திரையைத் தருகின்றன என்பதை அந்த வைத்தியர்தான் விளங்கப்படுத்தினார். எங்கள் எல்லோருக்கும் பிரிற்றோன் குளிசையைத் தெரியும். தடிமனுக்கும் கடிக்கும் போடுவோம். போட்டால் தூங்கி விழுவோம். மூளையில் எங்களை விழிப்பாக வைத்திருக்கும் பொருட்களில் ஹிஸ்ரமின் ஒன்று. பிரிற்றோன் அதன் வேலையைத் தடுக்கிறது. குளோர்ப்புரோமசினும் அதையே செய்கிறது. பின்னர் வாசித்தபோது இது தற்செயல் அல்ல என்று அறிந்தேன். ஹிஸ்ரமினைத் தடுக்கும் மருந்துகளை ஆராய்ந்த வழியில்தான் 1950 இல் பிரான்சில் குளோர்ப்புரோமசின் செய்யப்பட்டது. லபோரி என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் நோயாளரை அமைதிப்படுத்த அதைப் பயன்படுத்திப் பார்த்தார். 1952 இல் பாரிஸ் நகரத்துச் சென்ற் ஆன் வைத்தியசாலையில் டெலே, டெனிக்கர் என்ற இரு உளமருத்துவர்கள் மனநோயாளருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். உளமாய நோய்க்கு அப்படித்தான் முதன்முதலில் ஒரு மருந்து கிடைத்தது.

குரல்களைக் குறைப்பது இதிலிருந்து வேறான வேலை. அது முக்கியமாக டோபமின் என்ற இன்னொரு பொருளோடு சம்பந்தப்பட்டது. நித்திரை முதல் நாளே வரும். குரல்கள் நன்றாக அடங்கக் கிழமைகள் எடுக்கும். நித்திரை மயக்கம் பலருக்கு முதல் சில கிழமைகளுக்குப் பின் ஓரளவு குறையும். ஒரு குளிசை எவ்வளவுக்குத் தூங்க வைக்கிறதோ அவ்வளவுக்கு நோயை மாற்றுகிறது என்று ஊரில் நினைக்கிறார்கள். நானும் அம்மாவும்கூட அப்படித்தான் கேள்விப்பட்டிருந்தோம். அப்படி இல்லை. குளோர்ப்புரோமசின், குளோசபின், ஒலன்சபின், குவெற்றியபின் ஆகியவை கூடுதலாகத் தூங்க வைப்பவை. ஹலோபெரிடோல், றிஸ்பெரிடோன் அவ்வளவுக்கு இல்லை. அரிபிப்பிரசோல் சிலருக்கு நித்திரையைக் குறைத்தும் விடும். இது விளங்கிய அன்றுதான், நித்திரை கூட என்று வைத்தியரிடம் சொல்வது நன்றி கெட்ட முறைப்பாடு அல்ல என்ற தைரியம் எனக்கு வந்தது. நேரத்தை மாற்றலாம், அளவை மாற்றலாம், மருந்தையே மாற்றலாம். அதைச் செய்ய வேண்டியவர் வைத்தியர். நாங்களாக நிற்பாட்டினால் நித்திரை ஒரேயடியாகக் குழம்பும். நோயும் அந்த வழியால் திரும்பி வரும்.

இரவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டில் இது சின்ன விடயம் அல்ல. பூட்டு இல்லாத கொட்டிலில், ஏழரைக்குக் குளிசை போட்டு ஒன்பது மணிக்கு அயர்ந்துவிடும் பெண், யார் வந்தாலும் எழும்பமாட்டாள். 2011 ஓகஸ்டில் கிறீஸ் பூதம் பற்றிய பயம் நாடெங்கும் பரவியது பலருக்கு ஞாபகம் இருக்கும். உடம்பில் கிறீஸ் பூசியவர்கள் இரவில் பெண்கள் இருக்கும் வீடுகளுக்குள் வருகிறார்கள் என்ற பேச்சு. எங்கள் வீதியில் பெண்கள் தடியும் டோர்ச் லைற்றுமாக முறை வைத்து விழித்திருந்தார்கள். குளிசையைப் போட்டால் விழிக்க முடியாது. போடாமல் விட்டால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். மகளை நினைத்தபோது இரண்டு பக்கமும் பயம்.

நாங்கள் செய்தது இதுதான். நான்கு வீட்டுப் பெண்கள் பிள்ளைகளோடு ஒரே வீட்டில் படுத்தோம். நான் சுவரோரம், மகள் பக்கத்தில், அம்மா வாசலில். வெற்றுப் பால்மாப் பேணிகளைக் கயிற்றில் கட்டிப் படலையில் தொங்கவிட்டோம். காவல் முறையில் என் பெயரைச் சேர்க்கவில்லை. அதற்குப் பதிலாகக் காலைத் தேத்தண்ணியும் பிள்ளைகளைக் குளிப்பாட்டுவதும் என் பொறுப்பு. "நீ குளிசையைப் போட்டிட்டுப் படு பிள்ளை, நாங்கள் முழிச்சிருக்கிறம்" என்று ஒருவர் சொல்லும்போது வரும் நித்திரை வேறு. தனியாக இருக்கும் பெண் குளிசையைத் தவிர்க்கிறாள் என்றால், அவளுக்குப் புத்தி சொல்வதற்கு முன் அவள் வீட்டுக் கதவைப் பார்க்க வேண்டும். ஒரு தாழ்ப்பாள் சில வேளை வைத்தியரைவிடக் கூடுதலாக உதவும்.

வேறும் சில சின்ன விடயங்கள் உண்டு. குப்பி விளக்கையும் அடுப்பையும் அணைத்த பிறகுதான் நான் குளிசையைக் கையில் எடுப்பேன். இரவில் வெளியே போக எழும்பினால் முதலில் பாயில் இருந்து, பிறகு கப்பைப் பிடித்து நிற்பேன். இந்த மருந்துகள் சிலவற்றுக்கு எழும்பியவுடன் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். கிணற்றடியில் விழுந்தவர்களை எனக்குத் தெரியும்.

2014 இல் ஒலன்சபினுக்கு மாற்றினார்கள். இரவில் ஒரே ஒரு தடவை. இதிலும் நித்திரை நன்றாக வரும். பாதி அளவு மருந்து உடம்பை விட்டுப் போகவே ஒரு நாளுக்கு மேல் எடுக்குமாம். ஆகவே தினமும் ஒரே நேரத்தில் போடுவதில் கவனமாக இருந்தேன். யுத்தத்துக்குப் பிறகு நான் கனவு கண்டு அலறாமல் படுத்த இரவுகள் அந்தக் காலத்தில்தான் வந்தன. ஆனால் இது பசியையும் கொண்டுவந்தது. இரவு சாப்பிட்டுக் குளிசை போட்ட பின்னரும் பானையில் மிஞ்சிய சோற்றைத் தேடிப் போவேன். ஒன்றரை வருடத்தில் 14 கிலோ ஏறியது. பிறகு குறட்டை தொடங்கியது. நான் குறட்டை விடுவதைப் பற்றி மகள் பகிடி பண்ணுவாள். ஒரு நாள் மட்டும் பகிடி இல்லாமல், "அம்மா, நீங்கள் இடையில மூச்சு விடாமல் நிக்கிறீங்கள்" என்றாள். நிறை கூடி மூச்சு இடையில் தடைப்பட்டால், எட்டு மணித்தியாலம் படுத்தாலும் காலையில் களைப்புத்தான் மிஞ்சும். அதைக் குளிசையின் மயக்கம் என்று நினைத்துவிடக்கூடும். கிளினிக்கில் சொன்னோம். இரத்தத்தில் சீனியைப் பார்த்தார்கள், அளவைக் குறைத்தார்கள். இரவுச் சோற்றுக்குப் பதிலாகக் குரக்கன் புட்டும், பின்னேரத்தில் குளக்கட்டு வரை நடையும். முழுவதும் இறங்கவில்லை. குறட்டை குறைந்தது.

கிளினிக்கில் என்னோடு வாங்கிலில் இருக்கும் ஒரு பிள்ளைக்குக் குளோசபின். இரவில் வாயூறித் தலையணை நனையும் என்று வெட்கப்பட்டுக்கொண்டு சொல்வாள். துவாய் ஒன்றை விரித்துப் பக்கவாட்டில் படு என்று மிஸி சொல்லிக்கொடுத்தார். அந்த மருந்துக்கு ஒழுங்காக இரத்தம் சோதிக்க வேண்டும். இரண்டு நாட்களுக்கு மேல் தவறிவிட்டால் பழைய அளவில் மறுபடியும் தொடங்கக்கூடாது, வைத்தியசாலைக்குப் போய்ச் சிறிய அளவில் இருந்து ஏற வேண்டும். வீட்டார் இதை அறிந்திருப்பது அவசியம்.

2022 இல் நாட்டில் எரிபொருளும் இல்லை, மருந்தும் இல்லை. கிளினிக்கில் ஒலன்சபின் முடிந்துவிட்டது. வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு எழுதித் தந்தார்கள். பாமசியில் சொன்ன விலைக்கு நான் ஒரு கிழமை தைக்க வேண்டும். வைத்தியர் தன்னிடம் இருந்த றிஸ்பெரிடோனுக்கு மாற்றினார். மூன்றாம் இரவில் இருந்து எனக்கு நித்திரை இல்லை. இரண்டு மணிக்கு முழிப்பு வரும், பிறகு விடியும் வரை கூரையைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். வீட்டில் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால் அம்மாவும் மகளும் என் முகத்தைப் பார்த்த பார்வையில் 2009 தெரிந்தது. அப்போது மகளுக்குப் பதினாறு வயது. அவள்தான் கேட்டாள்: "அம்மா, உங்களுக்கு நித்திரை வேணும்போல இருக்கோ, இல்லாட்டி முழிச்சிருக்க வேணும்போல இருக்கோ?"

எனக்கு நித்திரை வேண்டும்போலத்தான் இருந்தது. அலுப்பில் கண் எரிந்தது. முகாமில் இருந்தபோது அலுப்பே தெரியவில்லை, காவல் இருக்க வேண்டும் என்ற எண்ணம் மட்டும்தான். எண்ணெய் இல்லாததால் பஸ் இல்லை. மகள் என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனாள். வைத்தியர் கேட்டுவிட்டு, ஒலன்சபின் தந்த நித்திரை திடீரென்று இல்லாமற் போனதால் உடம்பு தவிக்கிறது, குரல் கேட்கவில்லையென்றால் பயப்பட வேண்டாம் என்றார். சில நாட்களுக்கு மட்டும் ஒரு சிறிய உதவி மருந்து தந்தார். மூன்று கிழமையில் நித்திரை தானாக வந்தது. முன்னரைப் போல ஆழமானது அல்ல. ஆனால் காலையில் தலை தெளிவாக இருந்தது. மருந்துத் தட்டுப்பாடு தீர்ந்த பின்னரும் நான் பழையதற்குத் திரும்பவில்லை.

என் பக்கத்து வீட்டு அக்காவுக்கு இரண்டு மகன்மார். ஒருவர் இல்லை, ஒருவரைத் தேடுகிறார். இரவில் அவர் வீட்டு லைற் அணைவதே இல்லை. நான் ஒலன்சபின் எடுத்த காலத்தில், "நீ நல்லா நித்திரை கொள்ளுறாய். உதில ஒண்டு தாவன் பிள்ளை" என்று கேட்டார். மறுப்பது எளிதாக இருக்கவில்லை. அவருடைய சோற்றைச் சாப்பிட்டு வளர்ந்த வீடு எங்களுடையது. ஆனால் அவருக்கு வயது 60க்கு மேல், பிறசருக்கு மருந்து எடுக்கிறார். என் குளிசையைப் போட்டு இரவில் எழும்பினால் விழுந்துவிடுவார். அதோடு அவருடைய நித்திரையின்மைக்குக் காரணம் வேறு. இந்த மருந்துகள் வெறும் நித்திரைக் குளிசைகள் அல்ல. நித்திரைக்கென்று மட்டும் யாரும் எடுக்க வேண்டியவையும் அல்ல. "நாளைக்கு என்னோட கிளினிக்குக்கு வாங்கோ அக்கா" என்றேன். "எனக்கென்ன விசரோ" என்றார். அடுத்த மாதமும் கேட்டேன். நான்காவது மாதம் வந்தார். அவருக்குக் குளிசை தரவில்லை. பின்னேரத் தேத்தண்ணியை நிற்பாட்டச் சொன்னார்கள், படுக்கும் நேரத்தை ஒழுங்குபடுத்தச் சொன்னார்கள், மாதம் இரண்டு தடவை ஒரு பிள்ளையோடு இருந்து கதைக்க ஒழுங்கு செய்தார்கள். இப்போது மூன்று, நான்கு மணித்தியாலம் நித்திரை கொள்கிறார். அது போதாது என்று முறைப்பாடும் சொல்கிறார். கிளினிக் தூரமாக உள்ளவர்கள் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம். அது தேசிய மனநல நிறுவகத்தின் உதவித் தொலைபேசி.

மகள் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்துவிட்டாள். மேற்படிப்புக்கு வெளியூர் போக வேண்டி வரும். அம்மா காலமாகி இரண்டு வருடமாகிறது. என் நித்திரையைக் கவனித்த இரண்டு பேரில் ஒருவர் இல்லை, மற்றவர் புறப்படப் போகிறார். கிளினிக் புத்தகத்தின் பின்பக்கத்தில் நானே நேரம் குறித்து வருகிறேன். ஆனால் உளமாய நோய் வரும்போது முதலில் ஏமாறுவது அதைக் குறிக்கும் ஆள்தான். போன மாதம் பக்கத்து வீட்டு அக்காவோடு பேசி வைத்தேன். இரவு ஒரு மணிக்குப் பிறகு அடுத்தடுத்து இரண்டு நாள் என் வீட்டு லைற் எரிந்தால் வந்து கதவைத் தட்ட வேண்டும், நான் ஒன்றும் இல்லை என்று சொன்னாலும் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். கிளினிக் இலக்கத்தை அவர் போனில் மகள் பதிந்து கொடுத்தாள்.

"நான் எப்பிடியும் ஒரு மணிக்கு முழிச்சுத்தானே இருப்பன்" என்றார் அக்கா.